‘புதுச் சட்டம் வந்துவிட்டதாம்’: காத்திருக்கலாமா, வழக்குப் போடலாமா?

டெல்டா மாவட்ட நகரம் ஒன்றைச் சேர்ந்த, கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய தந்தை கிரயம் பெற்ற ஓட்டு வீட்டை 1998இல் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 2016இல் தந்தை காலமான பிறகு வாடகை வருவது நின்றுவிட்டது. வாசகர் கோவையில் மகள் வீட்டோடு தங்கிவிட்டதால் யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. சென்ற மாதம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான், குடியிருப்பவர் அந்த வீட்டையே தன்னுடையது என்று காட்டி, 2024 செப்டம்பரில் தன் மகன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிப் பதிந்திருப்பது தெரியவந்தது.

அன்றுமுதல் அவர் இணையத்திலேயே சட்டம் தேடிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வாடகைக்காரருக்கே வீடு சொந்தம் என்று ஒரு காணொளி சொல்கிறது. சட்ட ஆணையம் அந்த விதியை ஒழித்துவிட்டது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சொல்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே போய்ப் புதியது வந்துவிட்டதால் அதன்படி பத்திரத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்கிறார் நண்பர். ‘இந்தப் புதுச் சட்டங்கள் அமலுக்கு வரும்வரை பொறுத்திருப்பதா? மாவட்டப் பதிவாளரிடம் பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவின் கீழ் மனுக் கொடுப்பதா? சட்டத் தகவல்களை உடனுக்குடன் அறிய எந்த இணையதளத்தை நம்புவது? மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டச் செய்தி அனுப்பும் குழுவில் சேரலாமா?’ என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

கடிதத்தோடு நீங்கள் அச்செடுத்து அனுப்பியிருந்த தாள்கள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். இந்த வயதில் ஆங்கில அறிக்கைகளைத் தேடி எடுத்து, அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். கட்சிக்காரர்கள் இப்படிப் படித்துவிட்டு வருவதைச் சில வழக்கறிஞர்கள் விரும்புவதில்லை. நான் விரும்புகிறவன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் அனுப்பிய கட்டில் ஓர் அறிக்கை இருக்கிறது, ஒரு வரைவு இருக்கிறது, ஒரு மாதிரிச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன ஒரு பிரிவும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இன்றைய தேதியில் பொருந்துகிற சட்டம் அதில் ஒன்றுகூட இல்லை.

அறிக்கை வேறு, சட்டம் வேறு

முதலில் சட்ட ஆணையத்தின் 280ஆவது அறிக்கையை எடுத்துக்கொள்வோம். இந்திய சட்ட ஆணையம் மத்திய அரசு தன் ஆணையால் அவ்வப்போது, பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்துக்கு, அமைக்கும் ஆலோசனைக் குழு. விடுதலைக்குப் பின் முதல் ஆணையம் 1955இல் எம்.சி. செதல்வாட் தலைமையில் அமைந்தது. இப்போது இருப்பது 2024 செப்டம்பரில் அமைக்கப்பட்ட 23ஆவது ஆணையம். இந்த ஆணையம் எதையும் ஒழிக்கவோ இயற்றவோ முடியாது. பரிந்துரை மட்டும்தான் செய்ய முடியும். அந்தப் பரிந்துரையை அரசு ஏற்கலாம், கிடப்பில் போடலாம், பல ஆண்டு கழித்து வேறு வடிவில் கொண்டுவரலாம்.

இனி அந்த அறிக்கை உண்மையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதிரிடை அனுபவம் (பிறர் சொத்தைத் தன்னுடையதுபோல் நீண்ட காலம் அனுபவித்தவர் அதற்கு உரிமை கோருவது; காணொளி சொல்லும் பன்னிரண்டு ஆண்டு விதி இதுதான்) பற்றிய சட்டம் நியாயமற்றது, உண்மையான உரிமையாளரைக் கடுமையாகப் பாதிப்பது என்று 2008இல் ஹேமாஜி வாகாஜி ஜாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு குறிப்பிட்டு, மத்திய அரசு இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாகத்தான் விஷயம் சட்ட ஆணையத்தின் முன் வந்தது. நீங்கள் அடிக்கோடிட்டிருக்கும் ‘நியாயமற்றது’ என்ற பகுதி, அறிக்கை எடுத்துக்காட்டியிருக்கும் அந்தத் தீர்ப்பின் வாசகமே தவிர, ஆணையத்தின் முடிவு அல்ல. 2023 மே மாதம் ஆணையம் எடுத்த முடிவு அதற்கு நேர் எதிரானது: வழக்குப் போடுவதற்கான கெடுவைச் சொல்லும் காலவரையறைச் சட்டத்தில் உள்ள கெடுக்களை மாற்றத் தேவையில்லை என்பதே அது. ஆணையத்தில் பதவி வழி உறுப்பினர்களாக இருந்த அரசுச் செயலர்கள் இருவர் இந்த முடிவுக்கு உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார்கள். வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர் எதைப் படித்துவிட்டு அப்படி எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை. படிக்காமலே எழுதியிருக்கவும் கூடும்.

ஆகவே இத்தகைய அறிக்கைகளைக் கையில் எடுத்தால், முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசி அத்தியாயத்தில் உள்ள முடிவுகளையும் பரிந்துரைகளையும் முதலில் படியுங்கள். அடுத்து, மாறுபட்ட கருத்து இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, எந்தக் கேள்வி ஆணையத்திடம் கேட்கப்பட்டது என்பதை முகப்புக் கடிதத்தில் பாருங்கள். நடுவில் இருக்கும் பக்கங்களில் வரலாறும், வெளிநாட்டுச் சட்டங்களும், இரு தரப்பு வாதங்களும் இருக்கும். அதில் எந்த வரியைப் பிய்த்து எடுத்தாலும் ஒரு பரபரப்புத் தலைப்புக் கிடைத்துவிடும்.

வரைவு, மசோதா, மாதிரி

உங்கள் நண்பர் சொல்லும் ‘புதிய பதிவுச் சட்டம்’, மத்திய அரசின் நிலவளத் துறை 2025 மே மாதம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு வெளியிட்ட வரைவு. கருத்துக் கேட்பு முடிந்து, அமைச்சரவை ஒப்புதல் பெற்று, நாடாளுமன்றத்தில் மசோதாவாக அறிமுகமாகி, இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்து, அரசிதழில் வெளியாகி, நடைமுறைக்கு வரும் நாளும் அறிவிக்கப்பட்டால்தான் அது சட்டம். இதில் எந்தப் படியிலும் அது நின்றுபோகலாம். மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதா, அவை கலைக்கப்பட்டால் காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

‘மசோதா தாக்கல்’ என்று செய்தி வந்தால் தாக்கல் செய்தவர் அமைச்சரா, தனிநபர் உறுப்பினரா என்றும் பார்க்க வேண்டும். 1970க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் நாடாளுமன்றத்தில் சட்டமானதில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியபோது நம் ஊரில் பலர் சட்டமே வந்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். அது மக்களவையில் நிறைவேறவில்லை. 2019இல் வந்த சட்டம் அரசு தனியாகக் கொண்டுவந்தது.

நீங்கள் இணைத்திருக்கும் 2021ஆம் ஆண்டு ‘மத்திய வாடகைச் சட்டம்’ என்பதும் சட்டமல்ல. மாநிலங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்று மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி அது. தமிழ்நாட்டுக்கு அதற்கு முன்பே தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டது. அதன் முதல் பிரிவை எடுத்துப் பாருங்கள்: அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும் என்கிற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த நாள் 2019 பிப்ரவரி 22. சட்டத்தின் பெயரில் 2017 இருந்தாலும், இடைப்பட்ட காலத்தில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. எந்தச் சட்டத்தைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். சில நேரம் சட்டம் முழுவதும் ஒரே நாளில் வராது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, லாரி ஓட்டுநர்கள் எதிர்த்துப் போராடிய 106ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மட்டும் மத்திய அரசு நிறுத்தி வைத்துவிட்டது. புத்தகத்தில் அந்த உட்பிரிவு அச்சாகியிருந்தது, நடைமுறையில் இல்லை.

அச்சில் இருப்பதெல்லாம் செல்லுபடியாகுமா?

77-ஏ பிரிவில் உங்களுக்கு நேர்ந்திருப்பது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் நீங்கள் அச்செடுத்தது உண்மையான சட்ட வாசகம். பதிவுச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவு, போலி ஆவணங்கள் உள்ளிட்ட சிலவகைப் பத்திரங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு அளித்தது. நீதிமன்றப் படி ஏறாமல் வேலை முடிந்தது என்று ஏராளமானோர் மனுக் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சொத்துரிமை பற்றிய சிக்கலான கேள்விகளைச் சாட்சியம் கேட்டுத் தீர்க்க வேண்டியது உரிமையியல் நீதிமன்றமே என்பது இதன் நடைமுறை விளைவு. எனவே அந்தப் பிரிவை நம்பி மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உங்களுக்கு உதவாது. சட்ட வாசகத்தைப் படித்ததும், ‘இதைப் பற்றி உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ஏதாவது சொல்லியிருக்கிறதா?’ என்று அடுத்த தேடலையும் செய்துவிடுங்கள்.

கடிதத்தில் ‘போலிப் பத்திரம்’ என்று பல இடங்களில் எழுதி, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போவதாகவும் சொல்கிறீர்கள். தனக்குச் சொந்தமில்லாத சொத்தைத் தன்னுடையது என்று சொல்லித் தன் பெயரிலேயே ஒருவர் பத்திரம் எழுதுவது, அந்த ஒரு காரணத்தாலேயே பொய்யாவணம் புனையும் குற்றமாகிவிடாது என்று 2009இல் முகமது இப்ராஹிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உங்கள் தந்தையின் கையெழுத்தைப் போட்டோ, ஆள்மாறாட்டம் செய்தோ ஒரு மூலப்பத்திரம் உருவாக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. ஆகவே அந்தத் தானசெட்டில்மென்ட்டின் சான்றிட்ட நகலை வாங்கி, சொத்து அவருக்கு எப்படி வந்ததாக எழுதியிருக்கிறார் என்பதைப் படித்த பிறகுதான் குற்றப் புகாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு விஷயத்தில் இன்றைய நிலை

பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு சொந்தம் என்பது அரைகுறை உண்மை. எதிரிடை அனுபவம் கோருகிறவர், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தன்மையில் சுவாதீனத்தில் (சொத்தைத் தன் கைவசம் வைத்து) இருக்கிறார், அது உரிமையாளருக்குத் தெரியும்படி வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் இருந்ததா என்பதையெல்லாம் நிரூபிக்க வேண்டும். வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவர். எத்தனை வருடம் ஆனாலும் அனுமதிச் சுவாதீனம் தானாக எதிரிடையாக மாறாது. வாடகை உறவு நீடிக்கும்வரை, அது தொடங்கியபோது வீட்டுக்காரருக்கு உரிமை இருந்ததை வாடகைதாரர் மறுக்க முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 116ஆவது பிரிவு சொன்னது. அதுவே இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 122ஆவது பிரிவாக இருக்கிறது.

இதனால் உங்கள் நிலை வலுவானது என்று நான் கருதுகிறேன். ஆனால் 1998இல் வாடகைக்கு விட்டதற்கு எழுத்தில் எதுவும் இல்லை என்கிறீர்கள், அதுதான் பலவீனம். அவர் ‘நான் வாடகைக்காரனே அல்ல’ என்று ஆரம்பித்தால், வாடகை உறவை நிரூபிக்கும் சுமை உங்கள் மீது விழும். தந்தையின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் வரவான தொகை, அவர் கணக்கு எழுதி வைத்த நோட்டு, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வாடகை பற்றி எழுதிய கடிதம் என எது கிடைத்தாலும் அது பொன் போன்றது. பெட்டியைத் திறந்து தேடுங்கள்.

அடுத்து கெடு. வாடகைதாரரிடமிருந்து சுவாதீனம் மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்ட அட்டவணையின் 67ஆவது கூறு பன்னிரண்டு ஆண்டு தருகிறது. அது வாடகை உறவு முறிந்த நாளிலிருந்து ஓடும், வாடகை நின்ற நாளிலிருந்து அல்ல. ஆகவே 2016ஐ நினைத்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. வாடகைப் பாக்கி விஷயம் அப்படியல்ல: அதற்கு மூன்றாண்டுதான் கெடு என்பதால், பழைய பாக்கியில் பெரும்பகுதி போனது போனதுதான். இதைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

உண்மையான ஆபத்து 2024ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இருக்கிறது. அதைப் பதிந்ததன் மூலம் அவர் உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்துவிட்டார் என்று வாதிட இடமிருக்கிறது. அந்தப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கோரும் வழக்குக்கு அதே அட்டவணையின் 58ஆவது கூறின்படி மூன்றாண்டு கெடு. சென்ற மாதம்தான் தெரிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். பதிவான நாளிலிருந்தே கணக்கு என்று எதிர்த்தரப்பு வாதாடும். உரிமை மூலத்தின் அடிப்படையில் சுவாதீனத்தையும் சேர்த்துக் கேட்கும் வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு உண்டு என்ற தீர்ப்புகள் உங்களுக்குத் துணை நிற்கும். இருந்தாலும் வழக்கறிஞர்கள் எப்போதும் மிகக் குறுகிய கெடுவையே எடுத்துக்கொண்டு வேலை செய்வோம். அந்தக் கணக்கில் 2027 செப்டம்பருக்கு முன் உங்கள் வழக்கு கோப்பில் ஏறியிருக்க வேண்டும். புதிய பதிவுச் சட்டத்துக்காகக் காத்திருப்பதை நான் ஏன் வன்மையாக மறுக்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ளும் காலத்துக்காகக் காலவரையறைச் சட்டம் நிற்காது.

எந்த மன்றம் என்ற கேள்வியும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்பது ஒரு வழி. ஆனால் அந்த நீதிமன்றம் சொத்து யாருடையது என்ற கேள்விக்குள் போகாது. உரிமையையே மறுத்துப் பத்திரம் எழுதியிருப்பவரிடம் அந்த வழி சுற்றுவழியாகிவிடும். உரிமையியல் நீதிமன்றத்தில், உரிமை அறிவிப்பு, சுவாதீன மீட்பு, மேற்கொண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடை ஆணை ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்பதே உங்களுக்கு ஏற்றது என்பது, கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லக்கூடிய கருத்து. ஆவணங்களை நேரில் பார்க்கும் வழக்கறிஞர் இதை மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது

எல்லாச் சட்டத்தையும் பின்தொடர முயல வேண்டாம்; எங்களாலேயே முடியாது. காலவரையறைச் சட்டம், பதிவுச் சட்டம், தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் என்ற மூன்றும் உங்களுக்குப் போதும்.

சட்ட வாசகத்துக்கு மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ தளத்துக்குப் போங்கள். மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் பிரிவு வாரியாக இலவசமாகக் கிடைக்கும். ஆனால் நேற்றைய திருத்தம் இன்றே ஏறியிருக்கும் என்றோ, மத்தியச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தங்கள் அதே பக்கத்தில் சேர்ந்திருக்கும் என்றோ எதிர்பார்க்காதீர்கள். சந்தேகம் வந்தால் அரசிதழே இறுதி. மத்திய அரசிதழும் தமிழ்நாடு அரசிதழும் இணையத்திலேயே வெளியாகின்றன.

மசோதா எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிய நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ தளமும், 2005இல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பின் தளமும் உதவும். பின்னது மசோதாவின் சுருக்கத்தையும், முக்கியமான கேள்விகளையும், அறிமுகமான நாள், நிலைக்குழுவுக்குப் போன நாள், நிறைவேறிய நாள் ஆகியவற்றையும் ஒரே பக்கத்தில் தருகிறது. ஆங்கிலத்தில் இருந்தாலும் தேதிகளைப் படிக்க மொழி தடையாகாது. சட்ட ஆணையத்தின் அறிக்கைகள் எண் வாரியாக அதன் தளத்திலேயே உள்ளன.

தீர்ப்புகளுக்கு, 2023 முதல் இயங்கும் உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளம் இலவசம். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கும். அது புரிந்துகொள்ள மட்டுமே, ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்று அதிலேயே எழுதியிருக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஏதாவது ஒரு வழக்கின் பெயரைச் சொன்னால், அந்தத் தீர்ப்பை அதிகாரபூர்வத் தளத்தில் கண்ணால் காணும்வரை நம்பாதீர்கள். 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், இப்படிச் செயலி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி அபராதம் கட்டினார்கள்.

கட்டணக் குழுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய அவர்களுடைய மூன்று மாதிரிச் செய்திகளில் ஒன்றில்கூடச் சட்ட எண், அரசிதழ்த் தேதி, வழக்கு எண் எதுவும் இல்லை. இவை மூன்றும் இல்லாத சட்டச் செய்திக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

இந்த மாதத்துக்குள் நீங்கள் செய்ய வேண்டியவை: 2024 பத்திரத்தின் சான்றிட்ட நகல், தந்தையின் மூலக் கிரயப்பத்திரம், 1998க்கு முந்தைய காலத்திலிருந்து வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீதுகள், தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் வழக்கில் அவர்களும் இடம்பெற வேண்டும், இப்போதே பேசிவிடுங்கள். வாடகை உறவை முறிக்கும் வக்கீல் நோட்டீஸை நீங்களாக எழுதி அனுப்பிவிட வேண்டாம். அதில் அவரை வாடகைதாரர் என்று குறிப்பிடும் விதமும், தேதியும், கேட்கும் பரிகாரமும் பின்னால் வழக்கின் போக்கையே தீர்மானிக்கும் என்பதால், உங்கள் ஊர் உரிமையியல் நீதிமன்றத்தில் சொத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் ஆவணங்களைப் பார்த்த பிறகே அது போகட்டும்.